பத்தொன்பதரை கிலோ ஏசி

மார்ச் 2, ஞாயிறு

டைரி எழுதும் பழக்கம் எனக்கு ஃபேக்டரி கொடுத்தது. பம்ப்செட் கம்பெனியின் டூல் ரூமில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். எந்த மெஷினில் எதைக் கழற்றினோம், எதை மாட்டினோம் என்று தேதி போட்டு எழுதாவிட்டால் அன்று சோறு இறங்காது. ரிட்டயர் ஆன பிறகு மெஷின் இல்லை, இந்த 1999 மாடல் ஜென் கார்தான் இருக்கிறது. ஆகவே இது வண்டிக்கான டைரி. குடும்ப விஷயம் இதில் வராது.

விஷயம் இதுதான். எங்கள் மோட்டார் கிளப் வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கை எடுத்து உறுப்பினர்களை ஓட்ட விடுகிறது. ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே ஓட்ட வேண்டும். யாரையும் முந்த வேண்டாம், கடிகாரத்தை முந்தினால் போதும். சின்ன வண்டியில் ஒரு சுற்றை நூறு வினாடிக்குள் முடித்தவரின் பெயர் கிளப் சுவரில் உள்ள தேக்குப் பலகையில் ஏறும். இதுவரை பதினோரு பெயர் ஏறியிருக்கிறது. ஆறு வருடமாக நான் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிக்கிறேன். போன வருடம் நூற்றொன்று புள்ளி ஒன்று. அறுபது முடிந்தவர்கள் ஓட்டக் கூடாது என்பது கிளப் விதி. எனக்கு வரும் மே மாதம் அறுபது முடிகிறது. அதாவது இதுதான் கடைசி.

இஞ்சினில் கை வைக்க விதி இடம் தராது. எடையைக் குறைக்கலாம். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பீக்கர், கால்மிதி எல்லாவற்றையும் இறக்கியாகிவிட்டது. பின் சீட்டைத் தொடவில்லை, அதில் அம்சாவின் சொந்தக்காரர்கள் உட்கார வேண்டும். மிச்சம் இருக்கும் ஒரே கனமான சாமான் ஏசி.

மத்தியானம் சாப்பிடும்போது அம்சாவிடம் சொன்னேன். அம்சவேணி என் மனைவி. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"ஏசியக் கழட்டிரலாம்னு இருக்கேன்."

"வெயில் காலத்துலயா?"

"ரேஸ் வெயில் காலத்துலதான வருது."

மோர்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "உங்க இஷ்டமுங்க" என்றாள்.

அனுமதி கிடைத்துவிட்டது.

மார்ச் 15, சனி

காலை எட்டு மணிக்கே மன்சூரின் பட்டறை. இருபது வருடமாகக் கார் ஏசி மட்டுமே பார்ப்பவன். கேஸை வெளியில் விடாமல் ஒரு சிலிண்டரில் இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டான். "காத்துல விட்டா பாவம் சார்" என்றான். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, நான் தராசில் வைத்தேன்.

கம்ப்ரஸர் ஆறு கிலோ நானூறு. முகப்பில் இருக்கும் கண்டென்ஸர், அதன் ஃபேனோடு சேர்த்து ஐந்து இருநூறு. டேஷ்போர்டுக்குள் இருந்த கூலிங் காயில் பெட்டி நாலரை. பைப், பிராக்கெட், பெல்ட் எல்லாம் மூன்று நானூறு. மொத்தம் பத்தொன்பதரை கிலோ. ஏழு வயதுப் பையன் ஒருவனை இத்தனை வருடம் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்!

"வீட்ல சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன். உங்க இஷ்டம்னுட்டாங்க."

மன்சூர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டான். எதற்கு அப்படிக் கேட்டான் என்று தெரியவில்லை. அவனுக்கும் கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது.

எல்லாச் சாமானையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். வரும் வழியில் கறிவேப்பிலையும் தயிரும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். தயிர் மறந்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

வண்டி கையில் லேசாக நிற்கிறது. சிக்னலில் கிளட்சை விட்டதும் துள்ளுகிறது. அம்சாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போதே தெரிந்தது. அவளிடமும் கேட்டேன், வித்தியாசம் தெரிகிறதா என்று. "தெரியுது" என்றாள்.

சாயந்திரம் ஒரு வேடிக்கை. ஜனவரியிலிருந்தே அவள் பரீட்சைத் தாள் திருத்துவதற்குப் போர்ட்டிகோவில் நிற்கும் வண்டிக்குள் போய் உட்காருவாள். ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம், ஒரு மணி நேரம். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. கோயமுத்தூருக்கு எதற்கு ஏசி என்பது என் கட்சி. ஏன் வண்டிக்குள் போகிறாய் என்று கேட்டதற்கு, "அங்க வெளிச்சம் நல்லாருக்குதுங்க" என்றாள். இன்றும் தாள்கட்டோடு வந்து கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெளிச்சம் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

டயரில் காற்று முப்பது. அம்சா வைத்தபடி ஹால் ஃபேன் ஐந்தில். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு பேப்பர் படித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

அம்சாவுக்கு உடம்பில் ஏதோ சரியில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவள் திடீரென்று நிறுத்துகிறாள், கழுத்திலிருந்து முகம் வரை சிவக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. அஞ்சு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. அவளும் வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்ணுமில்லீங்க. வயசாகுது."

ஐம்பத்திரண்டு எல்லாம் ஒரு வயசா? நான் அறுபதில் ரேஸ் ஓட்டப் போகிறேன்.

மெஷின் சூடாகிறது என்றால் முதல் வேலை, எப்போதெல்லாம் சூடாகிறது என்று குறிப்பது. இந்த டைரியின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டுவிட்டேன். இன்று காலை 7.40, ஐந்து நிமிடம். 11.05, நான்கு நிமிடம். மாலை 4.20, ஏழு நிமிடம், ரசம் தாளிக்கும்போது.

ஏப்ரல் 6, ஞாயிறு

குடும்ப விஷயம் எழுதமாட்டேன் என்றேன். ஆனால் இது வண்டியில் போன விஷயம் என்பதால் எழுதலாம்.

மே 25 எங்கள் அறுபதாம் கல்யாணம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மிருதுளாதான் பிடிவாதமாக ஏற்பாடு செய்கிறாள். பத்திரிகை வந்துவிட்டது. தபாலில் அனுப்பினால் வேலை முடிந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் நேரில் போய், தாம்பாளத்தில் வைத்து, குங்குமம் கொடுத்து அழைக்காத வீட்டிலிருந்து ஒரு குஞ்சு வராது. வராததோடு நிற்காது, பதினைந்து வருடம் சொல்லிக்காட்டும். அறுபத்தெட்டு வீடு.

காலையில் குலதெய்வம் கோயிலில் முதல் பத்திரிகை. பிறகு சூலூர்ப் பக்கம் ஏழு வீடு. வெளியே முப்பத்தெட்டு டிகிரி. கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை, ஏற்றினால் இட்லிக் குண்டான். பட்டுச்சேலையில் அம்சா பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையால் விசிறிக்கொண்டே வந்தாள். விசிறியது அழைப்பிதழ் என்பதால் ஓரம் மடங்கிவிட்டது. அதை என் சித்தப்பா வீட்டுக்கு வைத்துக்கொண்டோம்.

அம்சாவின் அக்கா முறை சரோஜா வீட்டில் தண்ணீர் எடுக்கிறேன் என்று சமையலறைக்குப் போனவள் வரவேயில்லை. போய்ப் பார்த்தால் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றிருக்கிறாள். சரோஜா அவள் தோளைத் தடவிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பெண்கள் கூடினால் பேச்சுக்கு முடிவேது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றைய கட்டத்தில் ஒன்பது குறிப்பு. பின்குறிப்பாக: வண்டி ஓடும்போது அதிகம்.

ஏப்ரல் 12, சனி

டிராக்கில் பழகிப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நான்கு சுற்று ஓட்டினேன். கிளப் செயலாளரே கடிகாரத்தோடு நின்றார்.

101.0. 100.2. 99.9. 99.6.

எழுதிவிட்டு இரண்டு முறை படித்தேன். தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. இது பழக்க ஓட்டம்தான், பலகைக்குச் செல்லாது. ஆனால் பத்தொன்பதரை கிலோ தன் வேலையைச் செய்துவிட்டது. ஏசியோடு ஓட்டிய காலத்தில் நூறைத் தொட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்சாவிடம் சொன்னபோது கரண்டியோடு என்னைக் கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் சாம்பார். "உங்க பேரு பன்னண்டாவதுங்க" என்றாள். எத்தனை பெயர் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆறு வருடமாக நான் சொல்வதை ஏதோ பக்கத்து வீட்டு ரேடியோ போலக் கேட்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் பத்திரிகை வைக்கக் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். கிணத்துக்கடவு தாண்டியதும் அம்சா, "நிறுத்துங்க, வண்டிய நிறுத்துங்க" என்றாள். ரோட்டை அகலப்படுத்தியதில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு புளியமரத்தின் அடியில் நிறுத்தினேன். இறங்கினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள். காலையில் வைத்த பூ, குங்குமம், அரக்குப் பட்டு எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடியது. பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கித் துடைத்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்து நின்று சொன்னாள்:

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்க."

"என்ன சொல்ற அம்சா?"

"வேண்டாங்க. மிருதுகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க எதுவும் கேக்காதீங்க."

வண்டியைத் திருப்பினேன். வரும்போது தாம்பாளம் மட்டும் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் சத்தம் போட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கனி வைத்தாள், பாயசம் வைத்தாள், வேப்பம்பூ ரசம் வைத்தாள். எல்லாம் முறையாக நடந்தது. பேச்சு மட்டும் இல்லை.

முதல் கல்யாணத்தில் அவளை யாரும் கேட்கவில்லை. அவள் அப்பாவும் என் அப்பாவும் பேசி முடித்தார்கள். இருபத்தொன்பது வருடம் பார்த்துவிட்டு, இப்போது அவளாக முடிவு சொல்லும் வாய்ப்பு வந்திருக்கிறது. வேண்டாம் என்கிறாள். டூல் ரூமில் எத்தனையோ பீஸ் ரிஜெக்ட் ஆவதைப் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் பீஸுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

வலிக்கிறது. இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

கட்டம் போட்ட பக்கங்களை எடுத்துக்கொண்டு எங்கள் டாக்டரம்மாவிடம் போனேன். கல்யாணம் இருக்கட்டும், முதலில் அந்தச் சூடு என்னவென்று தெரிய வேண்டும். பதினேழு நாள் குறிப்பை மேஜையில் விரித்தேன். தேதி, நேரம், எத்தனை நிமிடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"இது காய்ச்சல் இல்லீங்க ஜெயபால். மாசாமாசம் வர்றது நிக்கிற வயசுல உடம்பு இப்படித்தான் திடீர் திடீர்னு கொதிக்கும். சில பேருக்கு ஒரு வருசம், சில பேருக்கு அஞ்சாறு வருசம். ஆபத்து ஒண்ணுமில்லை, ஆனா அனுபவிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். புழுக்கமான எடத்துல அடைச்சு வைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

புழுக்கமான இடம்.

"இத்தனை அழகாக் குறிச்சு வச்சிருக்கீங்களே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்டேன், ஒண்ணுமில்லை என்றாள் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே கேவலமாக இருந்தது.

சாயந்திரம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அந்தப் பக்கங்களை அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். "ரசம் தாளிக்கும்போது" என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஜனவரியிலிருந்து இருக்கிறது. வகுப்பில் போர்டு பக்கம் திரும்பி நின்றுகொள்வாளாம், பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று.

"கல்யாணம் எதுக்கு வேண்டாம்னேன்னா... ஓமகுண்டத்துக்கு முன்னால, பட்டுச்சேலைல, ரெண்டரை மணி நேரம். உங்க சொந்தம் எஞ்சொந்தம் எல்லாம் பாத்துட்டு உக்காந்திருக்கும். என்னால முடியாதுங்க. நடுவுல எந்திரிச்சு ஓடுனேன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"நான் உனக்கு என்னையப் புடிக்கலையாக்கும்னு நெனச்சேன்."

"அட ஆண்டவா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என் தலையில்.

"ஏசியக் கழட்டறேன்னு சொன்னப்பவே சொல்லியிருக்கலாமே அம்சா."

"அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தேனுங்க. நம்ம கல்யாணத்தன்னிக்குக் கூட உங்க மூஞ்சி அப்படி இல்ல. அப்புறம் எப்படிச் சொல்றது?"

உங்க இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று மன்சூருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஏழு வீட்டுக்குப் பத்திரிகை போய்விட்டது, மீதியையும் கொடுத்துவிடலாம். அன்றைக்கு உட்காருவாளா இல்லையா என்பதை இப்போது சொல்ல முடியாது. ரேஸ் முடியும் வரை ஏசியைத் தொடக் கூடாது. பத்திரிகைக்கு வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம்.

நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி, பள்ளிக்கூடம் லீவு. வாடகைக் காரில் ஈரோடு. ஏசி வண்டிதான். டிரைவர் அதை ஒன்றில் வைத்திருந்தார். அவினாசி தாண்டியதும் கூட்டச் சொன்னேன். "கூட்டுனா வண்டி இழுக்காதுங்க சார்" என்றார். இன்னொரு தடவை சொன்னதும் கூட்டினார். பெருந்துறை வருவதற்குள் பழையபடி ஒன்றில் இருந்தது.

நான் முன் சீட்டில். கண்ணாடியில் அம்சாவைப் பார்த்துக்கொண்டே போனேன். முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என் வண்டி என்றால் நிறுத்துங்க என்று கத்துவாள், இறங்குவாள், தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொள்வாள். அந்நிய ஆளுக்கு முன்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே வந்தாள். ஈரோட்டில் இறங்கியதும் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் குங்குமம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து சாக்கை இறக்கினேன்.

ஏப்ரல் 19, சனி

"ரேஸுக்கு இன்னும் எட்டு நாள்தான் சார் இருக்கு" என்றான் மன்சூர். "ஓட்டி முடிச்சுட்டு வாங்க, அன்னிக்கே மாட்டித் தர்றேன். ஆறு வருசம் காத்திருந்தவர் எட்டு நாள் பொறுக்க மாட்டீங்களா?"

"நான் பொறுப்பேன் மன்சூர். அவ ஏன் பொறுக்கணும்?"

பைப் வாயெல்லாம் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, ஈரம் உறிஞ்சும் டப்பாவை மாற்றி, கேஸ் ஏற்றி முடிக்க மாலை ஐந்தாகிவிட்டது. வண்டி பழையபடி கனமாகிவிட்டது. வரும் வழியில் முதல் சிக்னலிலேயே தெரிந்தது.

கேட்டில் நின்ற அம்சா ஜன்னல் வழியே ஏசிக் காற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தாம்தூம் என்று குதித்தாள். "யாரக் கேட்டு மாட்டுனீங்க? நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"எங்கிட்ட ஏற்கனவே அனுமதி இருக்குது. என் இஷ்டம்னு நீதான் சொன்ன."

கோபமாக உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்துப் பரீட்சைத் தாள்கட்டோடு வந்து வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரே ஒரு சுற்றுதான் கணக்கில் சேரும். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. தகரக் கூரைக்குக் கீழே அம்சா கிளப் கொடுத்த ஐஸ் தண்ணீர்ப் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடி விழுந்தது.

நன்றாக ஓட்டினேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. மூன்றாவது வளைவில் பிரேக்கை எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்தேன். கடைசி நேர்ரோட்டில் ஆக்ஸிலேட்டர் தரையோடு தரையாக இருந்தது. என் வாழ்க்கையில் இதைவிட நன்றாக ஒரு சுற்று ஓட்டியதில்லை.

100.3.

செயலாளர் என் தோளைத் தட்டினார். வேறு யாரோ டீ கொண்டுவந்தார்கள். பலகைக்குக் கீழே உட்கார்ந்து குடித்தேன்.

அம்சா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏசி இல்லாம இருந்தா வந்திருக்குமாங்க?"

"இல்லம்மா. மூணாவது வளைவுல பயந்து போயி பிரேக்கச் சீக்கிரம் புடிச்சுட்டேன். ஏசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

கணக்கு டீச்சரிடம் பொய் சொல்வது கஷ்டம். இரண்டு வாரம் முன்பு பழகிய ஓட்டத்தின் நேரம் அவளுக்கு மனப்பாடம். டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, மிச்சம் இருந்த டீயைக் குடித்தாள்.

வரும்போது ஏசியைப் போட்டேன். தன் பக்கத்துக் காற்றை எல்லாம் என் முகத்துக்குத் திருப்பிவிட்டாள். உனக்கு வேண்டுமே என்றேன். இப்போது வேண்டாம் என்றாள். சிங்காநல்லூர் வந்ததும் சொன்னாள்: "ஐயர்கிட்ட ஓமத்தக் கொஞ்சம் சுருக்கமா வைக்கச் சொல்லுங்க. நான் உக்காந்து பாக்கறேன்."

தோற்றுவிட்டு வரும் மனிதன் இவ்வளவு சந்தோஷமாக வண்டி ஓட்டக் கூடாது. பின்னால் வந்தவன் இரண்டு முறை ஹாரன் அடித்தான்.

மே 11, ஞாயிறு

பத்திரிகை அறுபத்தெட்டும் முடிந்தது. ஐயர் ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டார். அதற்குக் குறைந்தால் தேவர்கள் வந்து சேர நேரம் இருக்காதாம். சரி என்றேன்.

மே 26, திங்கள்

நேற்று எழுத நேரமில்லை. இன்று காலை எழுதுகிறேன்.

கோயில் மண்டபம். ஓமம் வளர்த்தார்கள். அம்சா தாக்குப்பிடித்தாள். பிறகு கலச நீர் ஊற்றும் சடங்கு. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து எங்கள் தலையில் குடம் குடமாக ஊற்றினார்கள். எனக்குப் பல் கிட்டியது. அம்சா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் நாலு பேர வரச் சொல்லுங்க" என்று என் காதில் சொன்னாள்.

உடை மாற்றி, புதுப் பட்டில் வந்து மறுபடி உட்கார்ந்தோம். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் காட்டி வாங்கினார். அப்போதுதான் அவள் கழுத்து சிவக்க ஆரம்பித்தது. நான் பார்த்தேன். நெற்றியில் வியர்வை அரும்பி, குங்குமம் இறங்கியது. என் பக்கம் குனிந்தாள்.

"சாவி குடுங்க."

வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாலையும் கழுத்துமாக எழுந்து, முந்நூறு பேருக்கு நடுவே நடந்து, மண்டபத்தை விட்டு வெளியே போனாள். என் சித்தப்பா, "என்னப்பா, பொண்ணு ஓடிப் போச்சு?" என்றார். மிருதுளா எழுந்தாள், நான் அவளை உட்காரச் சொன்னேன்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். "முகூர்த்தம் இன்னும் ஆறு நிமிஷம்தான்."

ஆறு நிமிடம் என்றால் முந்நூற்றறுபது வினாடி. எனக்கு அது ஏராளம். தட்டிலிருந்து தாலியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அறுபது முடிந்தவர்கள் ஓடக் கூடாது என்று எந்தக் கிளப்பும் அங்கே சொல்லவில்லை. ஐயர் பின்னால் ஓடி வந்தார், அவர் பின்னால் மேளக்காரர்கள், அவர்கள் பின்னால் ஊர்.

வேப்பமர நிழலில் வண்டி நின்றது. அம்சா இடது பக்கச் சீட்டில், ஏசி நான்கில், மாலையை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைக் காற்றோட்டத்துக்குக் கொடுத்திருந்தாள். நான் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"நீங்க போங்க. அஞ்சு நிமிசத்துல வந்தர்றேன்."

"அஞ்சு நிமிசத்துல நல்ல நேரம் போயிரும்."

"எல்லாரும் பாக்கறாங்க. மானம் போகுதுங்க."

"யார் மானம்? எனக்கு இங்கதான் சௌகரியமா இருக்கு" என்றேன். உண்மையாகவே இருந்தது. "அம்சா, முதல் தடவ உன்ன யாரும் கேக்கல. இப்ப நான் கேக்கறேன். கட்டிக்கறியா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்க இஷ்டம்" என்று சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"என் இஷ்டந்தானுங்க" என்றாள். "கட்டுங்க."

ஐயர் கண்ணாடியைத் தட்டினார், மந்திரம் உள்ளே போக வேண்டுமே. அம்சா தன் பக்கத்துக் கண்ணாடியைக் கைப்பிடியைச் சுற்றிப் பாதி இறக்கினாள். அவர் தலையை உள்ளே நீட்டி மந்திரத்தைச் சொன்னார். நான் தாலியோடு அவள் கழுத்துப் பக்கம் சாய்ந்தேன். என் முழங்கை ஸ்டீயரிங்கில் அழுந்தி ஹாரன் நீளமாக அலறியது. அதுதான் சைகை என்று நினைத்து மேளக்காரர்கள் கெட்டிமேளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முன் கண்ணாடியில் அட்சதை மழையாக விழுந்தது. வெளியே யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. மூன்று முடிச்சையும் போட்டு முடித்தேன்.

ஐயர் தலையை வெளியே எடுத்துக்கொண்டார். அம்சா கண்ணாடியை ஏற்றிவிட்டு, குனிந்து தாலியைத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"உங்க பக்கக் கதவு சரியாச் சாத்தலீங்க" என்றாள். "குளிர்ச்சியெல்லாம் வெளிய போகுது."

சாத்தினேன்.